காத்திருப்புப் பட்டியலுக்கு ஒரு ஷீட்: சில வருடப் பாவனைக்குப் பிறகு

கொழும்பில் 13 முதல் 24 வயது வரையான பிள்ளைகளுக்கு இலவசமாக உளவளத்துணை கொடுக்கும் ஒரு சிறிய நிலையத்தில் வேலை செய்கிறேன். நான் உளவளத்துணையாளர் இல்லை. யார் அனுப்பிய பிள்ளை, விபரம் எப்போது வந்தது, யாரிடம் கொடுப்பது, அதுவரை அந்தப் பிள்ளையை யார் கவனிப்பது என்று பார்ப்பதுதான் என் பொறுப்பு. சில வருடங்களாக இதை எல்லாம் ஒன்லைனில் பலர் சேர்ந்து பாவிக்கக்கூடிய ஒரு இலவச விரிதாளிலும் அதோடு இணைத்த ஒரு படிவத்திலும் செய்துவருகிறோம். இதேபோன்ற வேலை தொடங்குகிறவர்கள் “எந்த மென்பொருள் நல்லது?” என்று அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

முடிவை முதலே சொல்கிறேன். நான்கைந்து உளவளத்துணையாளர்கள் உள்ள இடத்துக்கு ஷீட் தாராளமாகப் போதும். ஆனால் அதில் ஒரு நிரல் (கொலம்) கட்டாயம் இருக்க வேண்டும்: ‘அடுத்து எப்போது, யார் பேசுவது’. அது இல்லையென்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மென்பொருளிலும் பிள்ளைகள் தொலைந்துபோவார்கள்.

முதலில் கொப்பிதான் இருந்தது. கரண்ட் இல்லாத நாளிலும் வேலை செய்யும், யாருக்கும் பழக்கத் தேவையில்லை. ஆனால் கொப்பியில் பக்கம் திரும்பியதும் பெயரும் கண்ணிலிருந்து மறைந்துவிடும். பிறகு மாதக் கட்டணத்தில் ஒரு மென்பொருளைப் பாவித்துப் பார்த்தோம். டொக்டரைச் சனல் பண்ணுவதற்காக, அதாவது பார்க்க நேரம் பதிவதற்காகச் செய்தது அது. நேரம் ஒதுக்கப்பட்டவர்களை அழகாகக் காட்டும். நேரம் கிடைக்காமல் காத்திருப்பவர்களுக்கு அதில் இடமே இல்லை. எங்கள் வேலையில் பாதி அவர்கள்தானே. கட்டணமும் டொலரில். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் பக்கம் போனபோது அந்தப் பேச்சு தானாக முடிந்தது.

சரி, படிவத்துக்கு வருவோம். எங்களிடம் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் பல வகை. பாடசாலையில் ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியர்கள், பெற்றோர், குடும்ப டொக்டர்கள், கோயிலிலும் சேர்ச்சிலும் இளைஞர்களோடு வேலை செய்பவர்கள், பிறகு தாங்களாகவே வரும் பிள்ளைகள். முன்பெல்லாம் வட்ஸ்அப்பில் ஒரு வரி வரும்: “மிஸ், ஒரு பிள்ளை இருக்கு, படிப்பில் கவனமே இல்லை, கொஞ்சம் பாருங்கோ.” அதற்குப் பின்னால் தூக்கமில்லாத பிள்ளையும் இருக்கலாம், வீட்டில் அடி வாங்கும் பிள்ளையும் இருக்கலாம். அந்த ஒரு வரியை வைத்து யாரை முதலில் கூப்பிடுவது என்று எப்படித் தீர்மானிப்பது?

நீளமான படிவம் கொடுத்தால் ஆசிரியர்கள் நிரப்புவதில்லை. முப்பத்தைந்து பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு நடுவில் அவருக்கு ஏது நேரம்? அதனால் குறைத்துக் குறைத்து, போனில் சில நிமிடத்தில் நிரப்பக்கூடிய அளவுக்குக் கொண்டுவந்தோம். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கிறது. வயது, பேச விரும்பும் மொழி, எதைப் பார்த்துக் கவலைப்பட்டீர்கள், எப்போதிலிருந்து, இப்படி அனுப்புவது பிள்ளைக்குத் தெரியுமா. கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்று வந்தால் நாங்கள் பிள்ளையை அழைப்பதில்லை. முதலில் ஆசிரியரை அழைத்து, பிள்ளையிடம் சொல்லிவிட்டு அனுப்பும்படி கேட்கிறோம். தனக்குத் தெரியாமல் தன்னைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள் என்று அறிந்து வரும் பிள்ளை முதல் நாளே வாயை மூடிக்கொள்ளும்.

ஆனால் படிவத்திலேயே அதிகம் பயன்பட்ட கேள்வி வேறு: ‘இந்த இலக்கத்துக்கு எடுத்தால் யார் பேசுவார்கள்? எந்த நேரம் எடுக்கலாம்? என்ன பெயர் சொல்லலாம்?’ நிறையப் பிள்ளைகளுக்குச் சொந்தப் போன் இல்லை. அம்மாவின் போன், அண்ணாவின் போன், சில வேளை பக்கத்து வீட்டுப் போன். ‘உளவளத்துணை நிலையத்திலிருந்து பேசுகிறோம்’ என்ற ஒரு வசனம் தவறான ஆளின் காதில் விழுந்தால் அந்தப் பிள்ளை திரும்ப எங்களிடம் வரவே முடியாது. இப்போது ஒவ்வொரு வரியிலும் அந்த விபரம் இலக்கத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. யார் போன் எடுத்தாலும் அதை வாசித்துவிட்டுத்தான் இலக்கத்தை அழுத்த வேண்டும். விலை கொடுத்து வாங்கிய மென்பொருளில் தொலைபேசிக்கு ஒரே ஒரு பெட்டிதான் இருந்தது. ஷீட்டை நான் விரும்புவதற்கு இதுவே பெரிய காரணம்: வேண்டிய கேள்வியை வேண்டிய இடத்தில் நாமே வைத்துக்கொள்ளலாம்.

இனி அந்த ‘அடுத்து எப்போது’ நிரல். எங்கள் பட்டியலில் எந்தப் பிள்ளையின் வரியிலும் அது வெறுமையாக இருக்கக்கூடாது. இன்று பேசினோம், இடம் இல்லை என்றால், மூன்று கிழமைக்குள் ஒரு திகதியும் பேசப்போகிறவரின் பெயரும் போட்ட பிறகுதான் ஷீட்டை மூடுகிறோம். திகதி தாண்டினால் கட்டம் தானாகச் சிவப்பாகும். அதற்கு ஒரு சின்ன விதி போட்டால் போதும். திங்கட்கிழமை காலையில் எல்லோரும் முதலில் பார்ப்பது அந்தச் சிவப்புக் கட்டங்களைத்தான். அந்த அழைப்பு பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. “உங்களை மறக்கவில்லை, இன்னும் இவ்வளவு காலம் ஆகலாம், இடையில் ஏதாவது மாறியிருக்கிறதா?” அவ்வளவுதான். ஆனால் பிள்ளையின் நிலைமை மோசமாகியிருப்பது இந்த அழைப்புகளில்தான் பல தடவை தெரியவந்திருக்கிறது.

அவசரத்தைப் பற்றி இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். உயிருக்கு ஆபத்து என்று தோன்றும் பிள்ளைக்குக் காத்திருப்புப் பட்டியல் கிடையாது. படிவம் வந்ததும் அடுத்த வேலை நாளுக்குள் ஒரு உளவளத்துணையாளர் போனில் பேசுகிறார். பி.எச்.கியூ-9 என்ற மனச்சோர்வுக் கேள்விக்கொத்தில் ஒன்பதாவது கேள்வி செத்துப்போவது நல்லது, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற நினைப்புகளைப் பற்றியது. 27க்கு எத்தனை புள்ளி என்பதை விட அந்த ஒரு கேள்வியின் பதிலைத்தான் நாங்கள் முதலில் பார்க்கிறோம். மொத்தப் புள்ளி குறைவாக இருந்து அந்தப் பதில் மட்டும் பூச்சியத்துக்கு மேலே இருந்தால், ஷீட்டை நம்பாமல் ஆளோடு பேச வேண்டும். தேவைப்பட்டால் அன்றே கொழும்புப் பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கோ, சின்னப் பிள்ளை என்றால் பொரளை லேடி றிஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரிக்கோ கூட்டிப்போகச் சொல்லி, போய்ச் சேர்ந்தார்களா என்று கேட்கிறோம். அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம், சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம், மனம் உடைந்தவர்களின் பேச்சைக் கேட்டு ஆதரவு தரும், 1974ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் சுமித்ரயோ அமைப்பு ஆகியவற்றின் விபரங்கள் படிவம் அனுப்பியதும் வரும் நன்றிப் பக்கத்திலேயே மூன்று மொழியிலும் இருக்கின்றன. நாங்கள் ஒபிஸைப் பூட்டிய பிறகும் இரவு இருக்கிறதே.

அவசரத்துக்கு நிறம் பூசுவதில் ஒரு சிக்கல் இருப்பது காலப்போக்கில்தான் தெரிந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று அவசரத்தின்படி பிரித்து மேலிருந்து கீழே எடுத்தால் பச்சைக்குப் போன பிள்ளையின் முறை வரவே வராது. ஒவ்வொரு கிழமையும் புதிதாக ஒரு மஞ்சள் வந்து மேலே உட்கார்ந்துகொள்ளும். பச்சை என்பதற்கு அர்த்தம் ‘பிரச்சினை இல்லை’ என்பதில்லை. பாடசாலை போகிறாள், சாப்பிடுகிறாள், ஆனால் யாரோடும் பேசுவதில்லை என்பதும் பச்சைதான். அப்படி மாதக்கணக்கில் கீழேயே கிடந்த பெயர்களைப் பார்த்தபோது மனம் கஷ்டமாக இருந்தது. இப்போது இடம் காலியாகும்போது ஒன்றை அவசரத்தின்படியும் அடுத்ததை நீண்ட நாள் காத்திருப்பவருக்கும் கொடுக்கிறோம். எல்லோருக்கும் பிடித்த விதி இல்லை இது. எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

உண்மையில் எங்களிடம் இருப்பது ஒரே ஒரு பட்டியல் இல்லை. தமிழில் பேச ஒரு வரிசை, சிங்களத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. பெண் உளவளத்துணையாளர்தான் வேண்டும் என்று கேட்கும் பிள்ளைகள் இன்னொரு வரிசை. தமிழில் பேசும் உளவளத்துணையாளர் குறைவு என்பதால் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் வரும் தமிழ்ப் பிள்ளை கூடுதல் காலம் காத்திருக்கிறது. ‘சராசரிக் காத்திருப்பு’ என்று ஒரே எண்ணைப் போட்டால் இந்த அநியாயம் மறைந்துவிடும். மொழிவாரியாகப் பிரித்துக் காட்டிய பிறகுதான் இன்னொரு தமிழ் உளவளத்துணையாளருக்குப் பணம் கேட்க எங்களால் முடிந்தது.

இன்னொரு பெரிய தடை டியூசன். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகும் சனி ஞாயிறும்தான் பிள்ளைகளுக்கு ஓய்வு என்று நாங்கள் நினைக்கிறோம். அந்த நேரம் முழுக்க வகுப்பு. உயர்தரப் பிள்ளை என்றால் இன்னும் மோசம். அதனால் ‘எந்த நாள் எந்த நேரம் வகுப்பு இல்லை’ என்று ஒரு நிரல் வைத்திருக்கிறோம். செவ்வாய் நாலரை மணி திடீரெனக் காலியானால் வடிகட்டிப் பார்த்து உடனே ஒருவரை அழைக்கலாம். சாதாரண தர, உயர்தரப் பெறுபேறு வெளியாகும் நாட்களை அண்டிப் படிவங்கள் குவியும் என்பது எங்களுக்குப் பழகிவிட்டது. அந்தக் கிழமைகளில் முதல் அழைப்புக்கென்று கூடுதல் நேரத்தை முன்கூட்டியே ஒதுக்கிவைக்கிறோம்.

ஷீட்டின் குறைகள் சில மிக ஆபத்தானவை. 077 என்று தொடங்கும் இலக்கத்தை அடித்தால் முன்னால் உள்ள பூச்சியத்தை அதுவே விழுங்கிவிடும். அந்த நிரலை முதலிலேயே எழுத்து வடிவம் என்று குறித்துவிட வேண்டும். ஒரே பிள்ளையின் பெயரை ஆசிரியர் தமிழிலும் ஆஸ்பத்திரி ஆங்கிலத்திலும் எழுதி அனுப்பினால் இரண்டு பிள்ளைகள் ஆகிவிடும். பெயரால் தேடாமல் இலக்கத்தாலும் பிறந்த திகதியாலும் தேட வேண்டும். எல்லாவற்றையும் விடப் பயங்கரமானது, முழு ஷீட்டையும் தெரிவு செய்யாமல் ஒரு நிரலை மட்டும் வரிசைப்படுத்திவிடுவது. பெயர்கள் நகரும், தொலைபேசி இலக்கங்கள் நகராது. ஒரு பிள்ளையின் விடயம் இன்னொரு பிள்ளையின் வீட்டுக்குப் போகும். எங்களிடம் ஒரு தடவை அப்படிக் குழம்பியது. யாரையும் அழைப்பதற்கு முன் கண்டுபிடித்து, பழைய பதிப்பை மீட்டெடுத்தோம். அன்றிலிருந்து மூல ஷீட் பூட்டப்பட்டிருக்கிறது. மற்றவர்கள் வடிகட்டிப் பார்ப்பது தனிப் பார்வையில்தான்.

இரகசியம் பற்றி ஒரு வார்த்தை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவல்களையும் பிள்ளைகளின் தகவல்களையும் விசேட வகைக்குள் வைக்கிறது. எங்கள் ஷீட்டில் இரண்டும் இருக்கின்றன. ஆகவே பிள்ளை பேசியது எதுவும் அங்கே எழுதப்படுவதில்லை, ஏன் வந்தது என்பதற்கு ஒரு குறியீடு மட்டும். அமர்வுக் குறிப்புகள் வேறு இடத்தில், அந்தந்த உளவளத்துணையாளரிடம். வேலையை விட்டுப் போகிறவரின் அனுமதியை அன்றே நீக்குகிறோம். ஒபிஸ் வட்ஸ்அப் குழுவில் பெயர் போடுவதில்லை. இதில் சோம்பல் கூடாது.

வராமல் விடுபவர்களைப் பற்றிப் பல இடங்களில் ஒரு கடுமை இருக்கிறது: இரண்டு தடவை வராவிட்டால் பெயரை வெட்டு. நான் அதற்கு உடன்பாடில்லை. போன் அப்பாவிடம் இருந்திருக்கலாம், பஸ்ஸுக்குக் காசு இல்லாதிருக்கலாம். சந்திப்புக்கு முந்திய நாள் மாலை ஒரு செய்தி அனுப்புகிறோம், நிலையத்தின் பெயர் இல்லாமல் நேரம் மட்டும். பதில் இல்லாவிட்டால் அனுப்பிய ஆசிரியரிடம் கேட்டு, பிள்ளைக்கு வேறு வழியில் ஒரு வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் மூடுகிறோம். மூடினாலும் எப்போதும் திரும்ப வரலாம், படிவம் வேண்டாம் என்று சொல்லி வைக்கிறோம்.

எந்தக் கருவியாலும் கணக்கை மாற்ற முடியாது. கிழமைக்கு ஐந்து பிள்ளைகள் வந்து நான்கு இடம்தான் காலியாகிறது என்றால் வருட முடிவில் ஐம்பது பேர் வரிசையில் நிற்பார்கள். இங்கிலாந்தில் ‘சொய்ஸ் அண்ட் பார்ட்னர்ஷிப்’ என்றொரு முறை இருக்கிறது: எல்லோரையும் சீக்கிரம் ஒரு தடவை சந்தித்து, என்ன வேண்டும் என்று சேர்ந்து தீர்மானித்து, தொடர வேண்டியவர்களை மட்டும் அடுத்த கட்டத்துக்கு அனுப்புவது. அதிலிருந்து முதல் சந்திப்பை மட்டும் எடுத்துக்கொண்டோம். சில பிள்ளைகளுக்கு அந்த ஒரு பேச்சே போதுமாக இருந்தது. ஆனால் முதல் சந்திப்புகளை நிறையத் திறந்துவிட்டால் முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் ஒரு புதிய வரிசை உருவாகும். மனதைத் திறந்து பேசிய பிள்ளை பிறகு இரண்டு மாதம் காத்திருப்பது, பேசாமலே காத்திருப்பதை விடக் கொடுமை. எனவே இரண்டு காத்திருப்பையும் தனித்தனித் திகதிகளாக எழுதுகிறோம். இரண்டாவது நீளும்போது புதியவர்களை எடுப்பதைச் சில கிழமைக்கு நிறுத்தி, பாடசாலைகளுக்கு அதை வெளிப்படையாகச் சொல்கிறோம்.

யாருக்கு இது சரிவராது? பத்துக்கு மேற்பட்ட உளவளத்துணையாளர்கள், பல கிளைகள் என்றால் முறையான மென்பொருள் தேவை. யார் எதைப் பார்த்தார்கள் என்ற பதிவு ஷீட்டில் போதுமான அளவு கிடையாது. அப்படி வாங்கப்போகிறவர்கள் விற்பவரிடம் இரண்டு விடயம் கேளுங்கள்: நேரம் கிடைக்காத பிள்ளைகளைத் தனித் திரையில் காட்டுமா, ஒரு தொலைபேசி இலக்கத்தோடு ‘யார் எடுப்பார், என்ன சொல்லலாம்’ என்பதை எழுத முடியுமா. இரண்டுக்கும் ஆம் என்று செய்துகாட்டினால் மட்டும் விலையைப் பேசுங்கள்.