பேரேட்டுக்காரரோடு பார்த்த கணினிப் படம்

1996ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிபிஎஸ் தொலைக்காட்சியில் மூன்று பகுதிகளாக ஒளிபரப்பான ‘ட்ரையம்ஃப் ஆஃப் தி நெர்ட்ஸ்’ என்னும் ஆவணப்படத்தைக் காரைக்குடி வீட்டின் பட்டாலையில், சிட்டையும் பேரேடும் எழுதியே காலம் கழித்த அப்பச்சியோடு அமர்ந்து, மூன்று இரவுகளில் பார்த்து முடித்தேன். தனியாள் கணினியின் தோற்றத்தைச் சொல்லும் படங்களில், அதை உருவாக்கியவர்களின் வாயிலிருந்தே கதையைக் கேட்க வைப்பதில் இதற்கு நிகரான இன்னொன்றை நான் பார்த்ததில்லை.

படத்தை எழுதி நடத்திச் செல்லும் ராபர்ட் எக்ஸ். கிரிஞ்சலி, ‘இன்ஃபோவேர்ல்டு’ இதழில் கணினித் தொழிலின் கிசுகிசுக்களை எழுதிவந்தவர். அந்தக் குறும்பு படம் முழுக்க இருக்கிறது. 1975 ஜனவரியில் ஓர் இதழின் அட்டையில் வெளிவந்த ஆல்டேர் 8800 என்னும் தொடக்ககாலத் தனியாள் கணினிக்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை, நினைவகம் வெறும் 256 பைட். முகப்பிலுள்ள சுவிட்சுகளை மேலும் கீழும் தட்டித்தான் அதற்கு எதையும் சொல்ல வேண்டும். இதை எதற்கு வாங்கினார்கள் என்று அப்பச்சி கேட்டார். படம் தரும் விடை, நண்பர்களிடம் காட்டிக்கொள்ளத்தான் என்பது.

அவருடைய கேள்விக்கு உண்மையான விடை சற்றுப் பின்னால் வருகிறது. டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்ஸ்டனும் 1979இல் ஆப்பிள் II கணினிக்காகக் கொண்டுவந்த விசிகால்க் என்னும் நிரல், கட்டம் போட்ட தாளைத் திரைக்குக் கொண்டுவந்து, ஓர் எண்ணைத் திருத்தினால் அதைச் சார்ந்த எல்லாத் தொகைகளையும் தானே திருத்திக்கொள்ளும்படி செய்தது. அதைப் பார்த்த கணக்கர் ஒருவர் உடல் நடுங்க, “நான் வாரம் முழுக்கச் செய்யும் வேலை இதுதான்” என்று சொன்னதைப் பிரிக்லின் நினைவுகூர்கிறார். அப்பச்சி நிமிர்ந்து உட்கார்ந்தது அப்போதுதான். ஐந்தொகை எடுக்கும்போது கணக்கு உதைத்தால், எந்தப் பற்று எந்த வரவில் ஏறியது என்று தேடி விடிய விடியப் பேரேட்டைப் புரட்டியவருக்கு அந்த நடுக்கம் நன்றாகவே புரியும். விளையாட்டுப் பொருளாயிருந்த கணினியை அலுவலக மேசைக்கு ஏற்றியதில் கணக்கு வேலைக்கு இருந்த பங்கு அவ்வளவு பெரிது. படமோ அந்த இடத்தைச் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறது. என் முதல் குறை இது.

இரண்டாம் பகுதிதான் கொடுக்கல் வாங்கல் தெரிந்தவர்களுக்கான விருந்து. 1981இல் ஐபிஎம் தன் கணினியை அவசரமாக வெளியிட்டபோது, சியாட்டிலிலிருந்த ஒரு சிறு நிறுவனத்தின் இயங்குதளத்தை மைக்ரோசாஃப்ட் 50,000 டாலருக்கு முழு உரிமையாக வாங்கி, ஐபிஎம்முக்கு உரிமத்தை மட்டும் கொடுத்துவிட்டு, அதையே பிறருக்கு விற்கும் உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. விளைநிலத்தை எழுதிக் கொடுக்காமல் குத்தகைக்கு விடுவது போன்ற ஏற்பாடு. பிறகு காம்பாக் நிறுவனம், மூலநிரலைக் கண்ணால் பார்த்திராதவர்களைக் கொண்டே ஐபிஎம் கணினியை உயிர்ப்பிக்கும் அடிப்படை நிரலான பயாஸுக்கு இணையானதை எழுதவைத்து நகல் கணினிகளுக்கு வழிதிறந்த கதையும், நிரலின் மதிப்பை அதில் எத்தனை வரிகள் என்று எண்ணி எடைபோட்ட ஐபிஎம்மின் வழக்கத்தை மைக்ரோசாஃப்டின் ஸ்டீவ் பால்மர் குரலுயர்த்திச் சாடும் காட்சியும் வருகின்றன. பக்கத்துக்கு இவ்வளவு என்று கணக்குப்பிள்ளைக்குக் கூலி பேசினால் அவர் எழுத்தைப் பெரிதாக்கி எழுதமாட்டாரா?

மூன்றாம் பகுதி எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. ஜெராக்ஸின் பார்க் ஆய்வகத்தைச் சேர்ந்த அடெல் கோல்டுபர்க், தங்கள் கண்டுபிடிப்புகளை ஆப்பிள்காரர்களுக்குக் காட்டக்கூடாது என்று வாதாடியதைச் சொல்லும்போது இன்னும் ஆறாத கோபம் முகத்தில் தெரிகிறது. படத்தில் பெண் குரலுக்குக் கிடைக்கும் அரிய இடங்களுள் இது ஒன்று. மற்றபடி ஆப்பிளைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸுக்கும் மைக்ரோசாஃப்டின் பில் கேட்ஸுக்கும் நடந்த போட்டி தேவைக்கு மேல் நீள்கிறது. மைக்ரோசாஃப்டுக்கு ரசனையே இல்லை என்று ஜாப்ஸ் சொல்லும்போது அவர் ஆப்பிளுக்கு வெளியே இருந்தார் என்பதையும், அடுத்த ஆண்டே திரும்பிவிட்டார் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், தோற்றவரின் பேச்சாகப் படம் அதைக் காட்டுவது சற்று வேடிக்கையாகவே இருக்கிறது.

ஒரே ஓர் இரவுதான் ஒதுக்க முடியுமென்றால் இரண்டாம் பகுதியைப் பாருங்கள் என்பேன். அப்பச்சியின் தேர்வு வேறு: மறுநாள் காலையில் காபி குடித்த கையோடு, “அந்தக் கணக்கர் நடுங்கின இடத்தை இன்னொரு தடவை போடு” என்றார்.