கார்புரேட்டர் மாருதி 800-இன் டெம்பரேச்சர் முள்: பல வருட ஓட்டத்தில் எது தாங்குகிறது, எது கெடுகிறது

1986-க்குப் பிறகு வந்த கார்புரேட்டர் மாருதி 800-ஐ இன்றும் ஓட்டுகிறவர்களுக்காக இது. 796 சிசி, மூன்று சிலிண்டர், அலுமினிய ஹெட். ஒரே ஒரு தடவை தண்ணீர் இல்லாமல் நன்றாகச் சூடேறினாலும் ஹெட் வளைந்து கேஸ்கெட் போய்விடும். மீட்டரில் இருக்கும் அந்தச் சின்ன முள்ளை நம்ப முடியவில்லை என்றால், அதைச் சரி செய்யாமல் வண்டியை வெளியூர் எடுக்கக் கூடாது.

வருடக்கணக்கில் ஓடிய வண்டிகளில் மீட்டர் அபூர்வமாகத்தான் கெடுகிறது. தண்ணீரின் சூட்டை அளக்கும் சென்சார் அதைவிடக் கொஞ்சம் அதிகம். அடிக்கடி போவது இரண்டையும் இணைக்கும் ஒயர், அதன் நுனிக் கிளிப், அப்புறம் எர்த், அதாவது கரன்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பாடி இணைப்பு. ஆனால் பட்டறையில் முதலில் மாற்றப்படுவது சென்சார்தான். காசும் போகும், கோளாறும் அப்படியே இருக்கும்.

சர்க்யூட் மிக எளிது. இக்னிஷன் போட்டதும் ஃபியூஸ் வழியாக மீட்டருக்குக் கரன்ட் வருகிறது. அங்கிருந்து ஒற்றை ஒயர், மஞ்சளில் வெள்ளைக் கோடு போட்டது, இன்டேக் மேனிஃபோல்டில் (பெட்ரோல்-காற்றுக் கலவை எஞ்சினுக்குள் போகும் குழாய்) இருக்கும் சென்சாருக்குப் போகிறது. சென்சாருக்குத் தனி எர்த் ஒயர் கிடையாது, மரைதான் எர்த். சூடு ஏற ஏறச் சென்சாரின் ரெசிஸ்டன்ஸ் குறையும், கரன்ட் கூடும், முள் ஏறும். அதனால் ஒயர் அறுந்தால் முள் C-யிலேயே (குளிர்) கிடக்கும். ஒயர் உரசிப் பாடியில் பட்டால் எஞ்சின் பச்சைத் தண்ணீராக இருக்கும்போதே H-க்கு (சூடு) போகும். இந்த ஒரு விதி பாதி வேலையை முடித்துவிடும்.

முள் H காட்டினால் முதலில் அது பொய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வண்டியை நிறுத்தி, ஃபேன் ஓடுகிறதா, மேல் ஹோஸ் கல் மாதிரி விறைத்திருக்கிறதா பாருங்கள். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. 0.9 கிலோ அழுத்தத்தில் தண்ணீர் 118 டிகிரிக்குப் பக்கம்தான் கொதிக்கும். மூடி திறந்த நொடியில் அது அத்தனையும் முகத்துக்கு வரும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பளபளப்பான அலுமினியத்தில் அடித்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) மூடியின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன்மேல் அடித்தால்தான் நம்பலாம்.

முள் C-யை விட்டு நகரவில்லை என்றால் சோதனை இதுதான். எஞ்சின் ஆறியதும் ரேடியேட்டரில் தண்ணீர் மட்டம் பாருங்கள். தண்ணீர் இறங்கியிருந்தால் சென்சார் காற்றில் நிற்கும். உள்ளே எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போது முள் குளிர்ச்சி காட்டும். இந்தக் கோளாறில் இதைவிட ஆபத்தான நிலை வேறில்லை. தண்ணீர் சரியாக இருந்தால் சென்சார் ஒயரைக் கழற்றி, 12 வோல்ட் 3.4 வாட் பல்பு ஒன்றை நடுவில் வைத்து எஞ்சின் பாடியில் தொடுங்கள். இக்னிஷன் போட்டதும் பல்பு எரிய வேண்டும், சில விநாடியில் முள் நகரத் தொடங்க வேண்டும். இது உள்ளே சூடேறி வளையும் இரட்டை உலோகப் பட்டையால் நகரும் முள். உடனே துள்ளாது, பொறுங்கள். பல்பு இல்லாமல் ஒயரை நேரடியாகப் பாடியில் வைத்துப் பிடிக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. முள் H தொட்ட பிறகும் அப்படியே வைத்திருந்தால் மீட்டர் காயில் கருகிவிடும்.

முள் நகர்ந்தால் மீட்டரும் ஒயரும் நலம். சென்சாரையோ எர்த்தையோ பாருங்கள். நகரவில்லை, பல்பும் எரியவில்லை என்றால் ஒயரைப் பாருங்கள். மேனிஃபோல்டு சூட்டில் கடைசி ஒரு சாண் ஒயர் விறைத்துப்போயிருக்கும். கிளிப்புக்குப் பக்கத்தில் ரப்பரைச் சீவினால் செம்பு கறுத்தோ பச்சை பூத்தோ இருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பளபளவென்ற செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போய், அங்கிருந்து புது ஒயரும் புது கிளிப்பும் போடுங்கள். கறுத்த செம்பில் ஈயம் பிடிக்காது. பிடித்த மாதிரி இருந்தாலும் மழைக்காலத்தில் விட்டுவிடும்.

பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் முள் விழுந்தால் கிளிப் தளர்ந்திருக்கிறது. ஹெட்லைட் போட்டால் முள் ஆடினால் எர்த். எஞ்சின் ஓட, விளக்கெல்லாம் எரிய, மல்டிமீட்டரை எஞ்சின் பிளாக்குக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டையைக் கழற்றிச் சுரண்டி மாட்ட வேண்டும். பெட்ரோல் முள்ளும் சேர்ந்து படுத்துவிட்டால் சென்சாரைத் தொடவே வேண்டாம். இரண்டுக்கும் பொதுவான ஃபியூஸ், மீட்டர் பின்னால் உள்ள பிளக், அங்குள்ள சின்ன நட்டுகள், இவற்றில்தான் கோளாறு. மீட்டர் பின்பக்கத்தில் கரன்ட் ஓடும் செம்புத் தடம் மங்கியிருந்தால் பென்சில் ரப்பரால் தேய்த்தாலே போதும்.

சென்சாரைச் சோதிக்க ஒரு பாத்திரம் தண்ணீர், ஒரு தெர்மாமீட்டர், மல்டிமீட்டர். சென்சாரை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். பாத்திரத்தின் அடியில் படக் கூடாது, ஒயர் முனை நனையவும் கூடாது. 50 டிகிரியில் 150 ஓம் சுற்றுவட்டத்திலும், 80-இல் 50 ஓம் பக்கத்திலும், 100-இல் 27, 28 ஓமும் வர வேண்டும். ஊட்டியில் இருப்பவர்கள் 100-க்குக் காத்திருக்க வேண்டாம். அந்த உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

இதே எண்களை வைத்து மீட்டரையும் சோதிக்கலாம். சென்சாருக்குப் பதிலாக 150, 47, 27 ஓம் ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாக ஒயருக்கும் பாடிக்கும் நடுவில் வையுங்கள். 5 வாட் வாங்கினால் சூடாகாது. சென்னையில் ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். முள் முறையே கீழே, நடுவில், H பக்கம் நின்றால் மீட்டரில் குறையே இல்லை. ஒரு நிமிடம் பொறுத்து முள் நின்ற இடங்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பின்னாளில் சந்தேகம் வந்தால் ஒப்பிடலாம்.

எல்லாம் சரி, முள் மட்டும் கால்வாசிக்கு மேல் ஏறவில்லையா? நம் ஊர் வெயிலுக்குத் தேவையில்லை என்று யாரோ தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருக்கலாம். அப்படியானால் முள் சொல்வது உண்மைதான். எஞ்சின் நெடுஞ்சாலையில் சூடே ஏறாமல் ஓடுகிறது, பெட்ரோல் அதிகம் குடிக்கிறது. 82 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட்டுவிட்டு அப்புறம் மீட்டரைக் குறை சொல்லலாம்.

சென்சாரை மாற்றுவதாக இருந்தால், மரை பொருந்துகிறது என்பதற்காக வாங்காதீர்கள். வேறு வண்டிச் சென்சாரும் மரையில் ஏறும், ஓம் வேறாக இருக்கும், முள் வாழ்நாள் முழுக்கத் தவறாகக் காட்டும். கடைக்கு மல்டிமீட்டரோடு போய், பழைய நல்ல சென்சாரின் அறைச்சூட்டு அளவோடு ஒப்பிடுங்கள். ரேடியேட்டர் ஃபேன் சுவிட்ச் வேறு பொருள், குழப்பிக்கொள்ள வேண்டாம். எஞ்சின் ஆறிய பிறகு பழையதைக் கழற்றிய கையோடு புதியதைச் சொருகினால் கூலன்ட் கொஞ்சம்தான் சிந்தும். டெஃப்லான் டேப்பை மரை நிறையச் சுற்றினால் எர்த் கெடும். ஒரு சுற்று, அதுவும் நுனி மரையை விட்டுவிட்டு. அலுமினிய மரை, அளவாக இறுக்குங்கள். பிறகு மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் தள்ளி, குமிழி நிற்கும்வரை எஞ்சினை ஓடவிட்டுக் கூலன்ட்டை நிரப்பி மூடுங்கள். மறுநாள் காலை எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டத்தை இன்னொரு தடவை பார்த்துவிட வேண்டும்.