எனாமல் டயல் பெயர்ந்தால்: பூசுவதா, மாற்றுவதா?

பழைய பாக்கெட் வாட்ச்சின் எனாமல் டயலில் சில்லு பெயர்ந்துவிட்டால் மூன்று வழிகள் உண்டு: பிசின் நிரப்பலாம், அதே மாடலின் பழைய டயலைத் தேடிப் போடலாம், புதிதாக அச்சிட்டதைப் பொருத்தலாம். என் வாக்கு இரண்டாவதற்கு.

அச்சிட்ட டயல் வேண்டாம். எனாமல் என்பது செப்புத் தகட்டில் உருக்கிப் படியவைத்த கண்ணாடி. அந்தப் பளபளப்பும் ஆழமும் அச்சில் வராது. விற்கப்போனால் விலையும் இறங்கும்.

வெறும் மயிரிழை விரிசலென்றால் டயலைக் கழற்றி, மிதமான சோப்பு நீரில் ஊறவைத்து அழுக்கை எடுத்தாலே பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. விளிம்பில் சின்னச் சில்லுக்கு வெள்ளை நிறமி கலந்த எபாக்சி பிசின் போதும். எண்களுக்கு நடுவே பெயர்ந்திருந்தால் அது எடுபடாது. பழைய எனாமலின் வெள்ளைக்கு நிறம் சேர்ப்பதே கடினம். சேர்ந்தாலும் எபாக்சி நாளடைவில் மஞ்சளாகும்.

மாற்று டயலில் எல்லாமே கால்களைப் பொறுத்தது. டயலின் பின்புறச் செப்புக் கால்கள் மெஷின் தட்டின் துளைகளில் இறங்கும். பக்கவாட்டுத் திருகுகள் அவற்றைப் பிடிக்கும். அளவு ஒன்றாயிருந்தால் போதாது: வால்தம், எல்ஜின் என்ற அமெரிக்கக் கம்பெனிகளின் வாட்ச்கள் இரண்டும் 16 சைஸ் (மெஷின் விட்டம் 43.18 மி.மீ.) என்றாலும் ஒன்றின் டயல் மற்றதில் உட்காராது. கேஸில் உள்ள எண்ணை நம்பாமல், மெஷினில் பொறித்த எண்ணை வைத்து மாடலைக் கண்டுபிடியுங்கள். பழைய டயலின் கால்களைக் காகிதத்தில் அழுத்தித் துளையிட்டு, நடுத்துளையையும் நொடிமுள் துளையையும் குறித்துக்கொண்டு, வாங்கப்போகும் டயலோடு ஒப்பிடுங்கள். கால் கொஞ்சம் விலகியிருக்கிறதே என்று வளைத்தால் அழுத்தம் அடிவரை போய், எனாமலில் அங்கிருந்தே விரிசல் கிளம்பும். திருகை அளவுக்கு மீறி முறுக்கினாலும் இதே கதிதான். காலை வெட்டிவிட்டுப் பசையில் ஒட்டினால் டயல் நகரும். நொடிமுள்ளின் அச்சு துளை ஓரத்தில் உரசி வாட்ச் நின்றுவிடும்.

நொடி வட்டம் (நொடிமுள் சுழலும் சிறு வட்டம்) பள்ளமாக இருந்த டயலுக்குப் பதில் தட்டையானதைப் போட்டால் நொடிமுள் உயர்ந்து மணிமுள்ளில் தட்டும். முட்களை மாட்டியதும் பன்னிரண்டு மணி நேரச் சுற்று முழுவதும் திருப்பிப் பாருங்கள்.

இதெல்லாம் ஆலையில் தொகுதியாகச் செய்த அமெரிக்க வாட்ச்களுக்கே. டயல் கால்களில் ஊசி செருகிய பழைய ஆங்கிலேய வாட்ச்களில் ஒவ்வொரு டயலும் தனித்தனியே கையால் பொருத்தப்பட்டது. அங்கே மாற்று டயல் அமைவது அபூர்வம், பூசுவதே நல்லது.