பெரிய படகைத் தரைவழியாக இழுக்கும்போது: கபினை வெட்டுவதா, ரெயிலரைத் தாழ்த்துவதா?

பத்து மீற்றர் நீளமுள்ள பைபர் படகு ஒன்றை வல்வெட்டித்துறையிலிருந்து காரைநகருக்குத் தரைவழியாகக் கொண்டுபோக நினைக்கும் உரிமையாளர் முதலில் படகின் எடையைப் பற்றித்தான் விசாரிப்பார். எடைக்கு ஏற்ற லொறியும் பாரந்தூக்கியும் வாடகைக்குக் கிடைக்கும். வழியை மறிப்பது பெரும்பாலும் உயரம்தான். வீதிக்குக் குறுக்கே செல்லும் மின்கம்பிகள், அவற்றுக்குக் கீழே தொய்ந்து தொங்கும் தொலைபேசிக் கம்பிகள், கோயில் வாசல் வளைவுகள், தாழ்ந்து கவிந்த வேம்பின் கிளைகள் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தடைகள் வந்துகொண்டே இருக்கும். ஆகவே உயரத்தைக் குறைக்கும் வழிகளை அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுள்ளது.

கணக்குக்காக ஒரு படகை எடுத்துக்கொள்வோம். ஏராவின், அதாவது படகின் அடிநடுவே நீளும் முதுகுச் சட்டத்தின், அடியிலிருந்து தளம் வரை 2.2 மீற்றர், தளத்தின்மேல் கபின் 2 மீற்றர், கபினின்மேல் கம்பமும் விளக்கும் அன்ரனாவும் சேர்ந்து 1.8 மீற்றர். இதை 1.5 மீற்றர் உயரமான சாதாரணத் தட்டை ரெயிலரில், 10 சென்ரிமீற்றர் மரக்கட்டைகளின்மேல் ஏற்றினால் மொத்த உயரம் 7.6 மீற்றர் ஆகிவிடும். அந்த உயரத்தோடு நம்முடைய வீதிகளில் இறங்க முடியாது.

கம்பத்தைச் சாய்ப்பது முதல் வழி. இதைப் பற்றி அதிகம் வாதாடத் தேவையில்லை. அடியில் பிணைச்சல் உள்ள கம்பமானால் பின்பக்கமாகச் சாய்த்துக் கட்டிவிடலாம். பிணைச்சல் இல்லையென்றால் ஆணிகளைக் கழற்றி இறக்கிவிடலாம். படகின் உடலில் ஓர் இடத்தையும் வெட்டாமலே 1.8 மீற்றர் குறைந்து 5.8 மீற்றருக்கு வந்துவிடுகிறோம். விளக்குக்கும் வானொலிக்கும் போகும் வயர்களை அறுத்தெடுக்காமல் இணைப்பிகளில் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அடையாளம் கட்டிவைத்தால், கரை சேர்ந்தபின் மணிக்கணக்கான வேலை மிச்சமாகும்.

மீதமுள்ள உயரத்தை எங்கே குறைப்பது என்பதில்தான் கருத்துகள் பிரிகின்றன. கபினை வெட்டி எடுத்துவிடு என்பதே பலர் உடனே சொல்லும் ஆலோசனை. கணக்களவில் அது கவர்ச்சியானதுதான். தளத்திலிருந்து 20 சென்ரிமீற்றர் விட்டு வெட்டினால், அதே தட்டை ரெயிலரிலேயே உயரம் 4 மீற்றருக்கு இறங்கிவிடும். ஆனால் வெட்டுவது அரைநாள் வேலை என்றால் திரும்பப் பொருத்துவது அப்படியல்ல. பைபரின் கண்ணாடியிழைகளைப் பிணைக்கும் பொலியெஸ்ரர் பிசின் இறுகிப்போனபின் அதன்மேல் இடும் புதிய படை, பழைய படையோடு ஒன்றாகக் கலந்து இறுகுவதில்லை. அது மேலே ஒட்டிக்கொள்ள மட்டுமே செய்யும். அந்த ஒட்டுப் போதிய பலம் பெற, வெட்டுவாயின் இருபுறமும் தடிப்பின் ஏறக்குறைய பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாக உராய்ந்து, அதாவது 10 மில்லிமீற்றர் தடிப்புக்கு 120 மில்லிமீற்றர் அகலத்துக்கு உராய்ந்து, கண்ணாடியிழையைப் படைபடையாக இட வேண்டும். கபின் சுவருக்குள் ஒட்டுப்பலகை இருந்தால், வெட்டிய விளிம்பை உடனே பிசின் பூசி மூடாதபோது ஈரம் உள்ளே இறங்கி, வெளியே தெரியாமல் பலகை உக்கத் தொடங்கும். சுக்கானின் எண்ணெய்க் குழாய்கள், இயந்திரக் கட்டுப்பாட்டுக் கேபிள்கள், புகைபோக்கி ஆகியவையும் கபினூடாகவே போகின்றன என்பதை வெட்டுக்கத்தி எடுக்கும் முன் நினைக்க வேண்டும்.

வெட்டியே ஆக வேண்டுமானால், மீண்டும் ஒட்டுவதைவிடக் கழற்றி மாட்டக்கூடிய மூட்டாக மாற்றுவதையே நான் விரும்புகிறேன். தளத்தில் நிற்கும் தண்ணீர் எட்டாத உயரத்தில் சுற்றிவர விளிம்புப் பட்டை அமைத்து, உப்புநீரைத் தாங்கும் 316 தரக் கறைபடாத உருக்குப் போல்ற்றுகளால் இறுக்கி, இடையில் பொலியூரிதேன் பசை இட்டால், அடுத்தமுறை படகை ஏற்றும்போது வெட்டுக்கத்திக்கு வேலை இராது. படகை அடிக்கடி இடம் மாற்றுபவருக்கு இந்தச் செலவு தகும். ஒரே ஒரு பயணத்துக்கு அது மிகையான செலவு.

ஒரே பயணம் என்றால் ரெயிலரைத் தாழ்த்துவதே நல்லது. ஏறத்தாழ 0.9 மீற்றர் உயரமான தாழ்தள ரெயிலரில் கபினோடு, கம்பம் இல்லாமல், நமது படகு 5.2 மீற்றருக்கு வரும். நடுவில் தளமே இல்லாமல், இருபுறச் சட்டங்களுக்கு இடையே ஏரா இறங்கி, தரையிலிருந்து 0.4 மீற்றரில் நிற்கும்படி செய்த படகு ரெயிலர் கிடைத்தால் 4.6 மீற்றர் போதும். பாரத்தின் மையமும் கீழே இறங்குவதால் திருப்பங்களில் சரியும் அபாயமும் குறைகிறது; இந்த நன்மை உயரக் குறைப்புக்குச் சற்றும் குறைந்ததல்ல. இதன் குறை அடியில் இருக்கிறது. வல்வெட்டித்துறை இருக்கும் வடமராட்சியிலிருந்து காரைநகர் போகும் வாகனம் காங்கேசன்துறை ரயில் பாதையை எங்காவது கடந்தே ஆக வேண்டும். கடவையின் மேட்டில் தாழ்ந்த ரெயிலரின் வயிறோ படகின் ஏராவோ தட்டலாம். வீதியின் மேடுகளை முன்கூட்டியே நடந்து பார்ப்பது அவசியம். ரயர்க் காற்றைக் குறைத்து உயரத்தைக் குறைக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. பாரமேற்றிய ரயரில் அதைச் செய்யவே கூடாது, சூடேறி வெடிக்கும்.

படகை ஒருபக்கம் சாய்த்து ஏற்றுவது உயரத்தைக் குறைக்கும் என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. உயரத்தைவிட அகலம் கூடிய படகைச் சாய்த்தால் சுருங்குவது அகலம்தான், உயரம் அல்ல. 4 மீற்றர் உயரமும் 3 மீற்றர் அகலமும் உள்ள செவ்வகமாக எண்ணிப் பார்த்தால், 30 பாகை சாய்க்கும்போது உயரம் ஏறக்குறைய 5 மீற்றராகக் கூடிவிடுகிறது. படகு அடியில் ஒடுங்குவதால் உண்மையில் அவ்வளவு கூடாது என்றாலும், உயரத்தை நாடி இந்த வழிக்குப் போவதில் பயன் இல்லை.

எந்த வழியைத் தெரிந்தாலும், ஏற்றிக் கட்டியபின் தரையிலிருந்து உச்சிவரை மீண்டும் அளக்க வேண்டும். ரெயிலரும் கட்டைகளும் வரைபடத்தில் சொன்ன உயரத்தில் ஒருபோதும் நிற்பதில்லை. அந்த அளவோடு மின் விநியோகத்தாரிடம் போய், தேரோட்டத்துக்குக் கம்பிகளைக் கழற்றிக் கொடுப்பது போல, தாழ்ந்த இடங்களில் மின்னைத் துண்டித்துத் தரும்படி கேட்கலாம். படகின்மேல் ஆளை ஏற்றி, தடியால் கம்பியை உயர்த்திவிடச் சொல்வது உயிரோடு விளையாடுவது. 11,000 வோல்ற் கம்பியானால் தொட வேண்டியதுகூட இல்லை; நெருங்கினாலே மின் பாயும், ஈரத் தடி அதைத் தடுக்காது.