ரீசார்ஜ் கணக்கு: டேட்டா மலிவு, வேலிடிட்டிதான் விலை

பெரம்பூரில் எங்கள் வீட்டில் மூன்று சிம், ஒரு பைபர் இணைப்பு. பல வருடமாக இந்தச் செலவுக் கணக்கு என் கையில்தான். பார்த்துப் பார்த்து எனக்குப் புரிந்தது இதுதான்: காசு பெரும்பாலும் டேட்டாவுக்குப் போவதில்லை, நம்பர் உயிரோடு இருப்பதற்குப் போகிறது.

2016 செப்டம்பரில் ஜியோ வருவதற்கு முன்னால் ஒரு ஜிபிக்கு 250 ரூபாய் வரை கொடுத்து, அதை மாதம் முழுக்க இழுத்துப் பிடித்து ஓட்டினோம். அப்புறம் விலை சரிந்தது, பல கம்பெனிகளும் சரிந்தன. 2018இல் ஏர்செல் படுத்தபோது போர்ட் பண்ண எத்தனை பேர் அலைந்தார்கள் என்பது சென்னைக்காரர்களுக்கு மறந்திருக்காது. இன்று பிஎஸ்என்எல் போக மிஞ்சியது ஜியோ, ஏர்டெல், வி (வோடபோன் ஐடியா) என்று மூன்றுதான். 2024 ஜூலையில் மூன்றும் ஒரே வாரத்தில் விலையைக் கூட்டின. ஜியோவின் 239 ரூபாய் பிளான் 299 ஆனது.

அதுவும் 28 நாளுக்கு. அப்படியென்றால் வருடத்துக்கு 13 ரீசார்ஜ், 3,887 ரூபாய். மாதக்கணக்கு என்று நினைத்துக்கொண்டு கட்டுகிறவர் ஒரு ரீசார்ஜ் கூடுதலாகக் கட்டுகிறார். 30 நாள் பிளான் ஒன்றாவது வைக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஆணையமான டிராய் 2022இல் உத்தரவு போட்டது. கடையில் கேட்டு வாங்குங்கள், தானாக யாரும் சொல்வதில்லை.

கம்பெனி பக்கத்துச் செலவு எங்கே இருக்கிறது? டவர், ஸ்பெக்ட்ரம், கேபிள் எல்லாம் முதலிலேயே போட்ட பணம். நான் இன்னொரு ஜிபி இழுத்தால் அவர்களுக்குக் கூடுதல் செலவு அநேகமாக இல்லை. ராத்திரி எல்லாரும் ஒரே நேரத்தில் வீடியோ பார்க்கும் நெரிசலைத் தாங்கத்தான் மேலும் பணம் போட வேண்டியிருக்கிறது. நள்ளிரவிலிருந்து காலை 6 மணி வரை டேட்டாவை வி கணக்கில்லாமல் கொடுத்ததும் அதனால்தான்.

அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். பேச, பேங்க் ஓடிபி பார்க்க, ரேஷன் கடை மெசேஜ் வர, அவ்வளவுதான். இதற்கும் டேட்டா பேக் போட்டுக்கொண்டிருந்தோம். குரலும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பிளான் கட்டாயம் என்று டிராய் 2024 டிசம்பரில் சொன்ன பிறகு மாற்றினேன். ஆப்பில் அது கடைசியில் ஒளிந்திருந்தது. ஆனால் விலையைப் பாருங்கள். ஏர்டெல் அப்போது 84 நாளுக்கு 469 ரூபாய் வைத்தது. 28 நாளுக்குப் பிரித்தால் 156 சொச்சம். 2 ஜிபி டேட்டாவோடு இருந்த 28 நாள் பிளான் 199. டேட்டாவை அடியோடு எடுத்தாலும் குறைவது சுமார் 43 ரூபாய்! பென்ஷனில் ஓட்டும் வயதானவர்களிடம் இப்படி வாங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பைபரில் வேறு கதை. 499 என்று போட்டிருப்பார்கள், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 588.82 வரும். ஆறு மாதம் சேர்த்துக் கட்டினால் கொஞ்சம் குறையும். எங்கள் தெருவுக்கு இரண்டாவது கம்பெனியின் கேபிள் வந்த பிறகுதான் முதல் கம்பெனி அதே விலைக்கு வேகத்தைக் கூட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் இணைப்பு நாள்கணக்கில் செத்துக் கிடந்தது, பில்லில் ஒரு ரூபாய் குறையவில்லை. வேலிடிட்டி முடிந்தால் நள்ளிரவிலேயே நிறுத்தத் தெரிகிறவர்கள், அந்த நாட்களைத் தாங்களாகவே சேர்த்துத் தர வேண்டும். நான் புகார் நம்பர் வாங்கி, இரண்டு முறை எழுதிய பிறகுதான் நாட்களைக் கூட்டிக் கொடுத்தார்கள். உங்களுக்கும் இப்படி நடந்தால் புகார் நம்பரை மட்டும் விடாமல் குறித்து வையுங்கள்.