வேலூர் கோடையில் வயலின் வகுப்பு: மாணவர் வீட்டிலா, ஆசிரியர் வீட்டிலா?

பள்ளி விடுமுறை விட்டதும் வயலின் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு வரும் குழப்பம் இது. காட்பாடி, சத்துவாச்சாரி என்று வண்டியில் அலைவதா, பிள்ளைகளை வீட்டுக்கே வரச் சொல்வதா?

செலவு
போனால்: பெட்ரோல் நம் கைக்காசு. அதற்கேற்பக் கட்டணம் கூட்டிக் கேட்கலாம்.
வந்தால்: கரண்ட் பில் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான்.

வாத்தியம்
இதில்தான் கவனம் வேண்டும். மே மாதம் வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். வயலின் பலகைகளை ஒட்டியிருக்கும் பசை கடும் சூட்டில் இளகும். தந்தி இழுக்கும் இழுப்பில் ஒட்டு விட்டுப்போகும். வில்லில் தேய்க்கும் பிசினான ரோசின் பிசுபிசுத்துவிடும்.
போனால்: வீட்டுக்கு வீடு வெயில், ஏசி, மறுபடி வெயில். ஒவ்வொரு இடத்திலும் ஸ்ருதி சேர்ப்பதிலேயே நேரம் போகும். பாலாற்றுப் பாலத்தில் நண்பகல் நெரிசலில் பெட்டியோடு நிற்பது வாத்தியத்துக்குச் செய்யும் கொடுமை.
வந்தால்: நம் வயலின் நிழலில் இருக்கும். பிள்ளைகளின் வயலின் ஒருமுறை வந்து போவதோடு சரி.

சௌகரியம்
போனால்: தனிக் கவனம் கிடைக்கும், டிவி சத்தமும் கூடவே.
வந்தால்: இரண்டு பேர் சேர்ந்து ஜண்டை வரிசை (இரட்டைச் சுரப் பயிற்சி) வாசிக்கும்போது தாளம் பிசகாமல் தானாக நிலைத்து நிற்கும்.

முதல் பாடமான சரளி வரிசை தொடங்கும் சின்னப் பிள்ளை, அழைத்துவர ஆள் இல்லாத வீடு என்றால் நாம் போகலாம். காலை 9 மணிக்குள் முடித்துவிட வேண்டும். அடிப்படைப் பயிற்சி முடிந்து வர்ணத்துக்கு வந்துவிட்டவர்கள் நம் வீட்டுக்கே வரட்டும். அப்புறம், எங்கே போனாலும் பெட்டியை வண்டியிலேயே விட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள்.