செம்பனை எண்ணெய்க் குழாய்க்கு எந்தச் சூத்திரம்?

குளுவாங் பக்கத்து ஆலைகளில் புதிதாகச் சேரும் தம்பிகளிடம் நான் முதலில் போடச் சொல்லும் கணக்கு இது: ஸ்டீமின் சூடு குழாய்க்குள் ஓடும் எண்ணெய்க்கு எவ்வளவு போகும்? இரண்டு அங்குலக் குழாய், 6 மீட்டர் நீளம், வெளியே ஸ்டீம், உள்ளே வினாடிக்கு 0.9 மீட்டர் வேகத்தில் செம்பனை எண்ணெய். 50 டிகிரியில் ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் சீரா, கொந்தளிப்பா என்று காட்டும் எண்) 1,500 அளவில் இருக்கும். 75 டிகிரியில் 3,000. 90 டிகிரியில் 4,000ஐத் தாண்டிவிடும். சூடு ஏற ஏற எண்ணெய் இளகுவதால், அடுக்கடுக்காகச் செல்லும் சீரோட்டம் கொந்தளிப்பாக மாறும் இடத்தைக் கடந்தே ஆக வேண்டும்.

1883இல் மான்செஸ்டரில் ஆஸ்பார்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் சாயம் விட்டுப் பார்த்தது இந்த இடத்தைத்தான். நடுவே கொந்தளிப்பு விட்டு விட்டுத்தான் வரும். ஒரு கணம் சீராகப் போகும், அடுத்த கணம் கலங்கும்.

சரி, 75 டிகிரியில் (ரெனால்ட்ஸ் எண் 3,000; எண்ணெயின் பாகுத்தன்மையையும் சூடு கடத்தும் தன்மையையும் ஒப்பிடும் பிராண்டல் எண் 150) நசெல்ட் எண்ணை, அதாவது சுவரிலிருந்து எண்ணெய்க்குச் சூடு எவ்வளவு நன்றாகப் போகிறது என்று காட்டும் எண்ணை, நான்கு சூத்திரங்களில் போட்டுப் பார்த்தேன். சூடான சுவரோரம் எண்ணெய் இன்னும் இளகுவதற்கான திருத்தம் சேர்க்கவில்லை.

டிட்டஸ்-போயல்ட்டர் (1930) 103 தருகிறது. மனப்பாடமாக வரும் சூத்திரம், அதனால்தான் ஆபத்து. அது ரெனால்ட்ஸ் எண் 10,000க்கு மேல் மட்டும் செல்லும். நிலீன்ஸ்கி (1976) 63 தருகிறது. 3,000க்கு மேல் நம்பலாம். ஆனால் அதைக் கீழே, சீரோட்டம் முடியும் எல்லையான 2,300 வரை இழுத்தால் 43 வரும், அங்கே சீரோட்டக் கணக்கு 23 அளவில்தான் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் பெரிய பள்ளம். ஹவுசன் சூத்திரம் 53 தருகிறது. பள்ளம் குறைகிறது, போகவில்லை.

நான்காவது, நிலீன்ஸ்கியே 2013இல் சொன்னது: 2,300இல் சீரோட்ட மதிப்பு, 4,000இல் கொந்தளிப்பு மதிப்பு, நடுவில் நேர்கோடு. விடை சுமார் 50. இரு முனையிலும் ஒட்டிப் போகிறது, கையாலேயே போட்டுவிடலாம். என் வாக்கு இதற்குத்தான்.

103க்கும் 50க்கும் உள்ள வித்தியாசம் தாளோடு நிற்காது. ஸ்டீம் பக்கம் தடை மிகக் குறைவு, சூட்டைத் தடுப்பது எண்ணெய்ப் பக்கம்தான். 103ஐ நம்பி நீளம் வைத்தால் ஏறக்குறைய பாதிக் குழாய் குறைகிறது. எண்ணெய் 90 டிகிரிக்கு வராமல் நிற்கும், பழி பாய்லர் ஆளின் தலையில் விழும். அப்படிப் பழி சுமந்த ஓர் அண்ணனை எனக்குத் தெரியும்.

அப்புறம் குழாய் வாய். ஆய்வாளர்கள் காஜாரும் டாமும் 1994இல் அளந்தபோது, சதுர விளிம்பு வாய்க்கு மாற்றம் 2,400இல் தொடங்கியது, மணி வடிவ வாய்க்கு 3,800 வரை தள்ளிப் போனது. நேர்கோட்டுக் கணக்குக்கு வாயின் வடிவம் தெரியாது. மணி வாய் வைத்திருந்தால் 3,000இல் 50கூடக் கிடைக்காது, சீரோட்ட மதிப்பையே எடுங்கள்.

வேகத்தைக் கூட்டித் தப்பலாமா? வினாடிக்கு 3 மீட்டர் ஆக்கினால் 75 டிகிரியில் 10,000ஐத் தொடலாம். ஆனால் அழுத்த இழப்பு ஏறத்தாழ எட்டு மடங்கு, அதே 6 மீட்டரில் எண்ணெய் தங்கும் நேரமும் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போய்விடும். இருக்கும் பம்போடு நான் அதற்குப் போகமாட்டேன். 50ஐ வைத்து நீளத்தைக் கூட்டுவேன்.